பூனைக்கு எலும்பு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நம் பூனை மூட்டையும் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் உன் புதுக் கூட்டாளியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. கூட்டாளி என்று உன் பூனையைத்தான் சொல்கிறேன், வேறு யாராவது இருந்தாலும் எழுது, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ நடுவில் சரிம்மா, புரியுதும்மா என்று முடித்துவிடுவாய், பிறகு இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசி வைத்துவிடுவோம். இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை. தவிர, இந்தப் பனியில் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவது சுகமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை, எல்லாம் பால் ஊற்றிவிட்ட மாதிரி. எதிரே பஸ் டிப்போ இருக்கிறது என்பது இன்ஜின் சத்தத்தை வைத்துத்தான் தெரிகிறது, யாரோ பெரிய ஆள் தூக்கத்தில் உறுமுகிற மாதிரி. நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்கிறது. கீழே பேக்கரிக்காரர் புது அடுப்பு வாங்கியிருக்கிறார், அதிலிருந்து படியெல்லாம் ரொட்டி வாசனை, படியேறும்போதே பாதி வயிறு நிறைந்துவிடுகிறது. அக்கா வீடு மாறுகிறாள், புது வீட்டில் வெயில் வருமாம், அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

போன தடவை பேசும்போது நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். ஒன்று, பூனைக்கு எலும்பு கொடுக்கலாமா, அது உன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஒருவர் கொடு என்கிறார், ஒருவர் கூடாது என்கிறார் என்று. இன்னொன்றை, போனை வைக்கப் போகிற நேரத்தில், சாவியை எங்கே வைத்தேன் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாய். "அப்பாவுக்கு எம்மேல கோபம்னா நேரா சொல்லச் சொல்லும்மா. நான் அவர் போனுக்குப் பக்கம் பக்கமா எழுதுறேன், ஒரு வார்த்தை பதில் இல்ல" என்றாய்.  முதலாவதற்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், இரண்டாவதற்கு அப்பா அப்படித்தான்டா என்றேன். இரண்டும் ஒரே கேள்வி என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

மூட்டையை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். நீ போன பிறகு வந்தவன். பேக்கரிக்கு மாவு இறக்குகிற நேரத்தில் மூட்டைகளோடு மூட்டையாகப் படியில் உட்கார்ந்திருந்தான், நான் தாண்டிப் போகும்போது ஒரு மூட்டை கொட்டாவி விட்டது, அவ்வளவுதான், அன்றிலிருந்து நம் வீட்டில் இருக்கிறான். அப்பா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "டிக்கெட் எடுக்காம ஏறிட்டான், அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டுடு" என்றார். அடுத்த ஸ்டாப் வரவே இல்லை. கொஞ்ச நாளில் அவர் நாற்காலிக்கு அடியில்தான் மூட்டையின் இடம் என்று ஆகிவிட்டது. நீ அறிந்ததுதானே, வேலையை விட்ட பிறகு உன் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச காலம் பஸ் ஓட்டியிருக்கலாம், போதும் அலுத்துவிட்டது என்று ஒரு நாள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் ஜன்னல், டிப்போ, ஜன்னல். என்னிடம் பேசாததையெல்லாம் பூனையிடம் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோழி வறுத்தால், அவருடைய தட்டிலிருந்து பாதிக்கு மேல் சதையோடு கால் துண்டு அப்படியே மேஜைக்கு அடியில் இறங்கிவிடும். முன்பெல்லாம் எப்படிச் சாப்பிடுவார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் வைத்த எலும்பில் எறும்பு ஏறினால் ஏமாந்து திரும்பும். எலும்பைக் கொடுக்காதீர்கள், குத்தும் என்று நான் சொல்வேன். "அதுக்குப் பல்லு எதுக்கு இருக்கு? காட்டுல இருந்தா யாரு பக்கத்துல உக்காந்து எலும்பு எடுத்துக் குடுப்பாங்க?" என்பார். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. எலும்பு கடித்தால் பூனைக்குப் பல் பளபளக்கும் என்று பேக்கரிக்காரர் வேறு அடித்துச் சொன்னார். மேஜைக்கு அடியிலிருந்து மொறுக் மொறுக் என்று சத்தம் வரும். சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொருகும்போது, எங்கோ தூரத்துத் தோட்டத்தில் காய்ந்த சருகு மேல் யாரோ நடந்து போகிற மாதிரி இருக்கும். நல்ல சத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பனி இறங்கிய ஒரு திங்கட்கிழமை நான் வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார், கால் நீட்டி, சுவரில் சாய்ந்து. எதிரே வாஷ்பேசினுக்கு அடியில் மூட்டை. கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்குகிறான், விழுங்க ஒன்றும் இல்லை. வாயோரம் நூல் மாதிரி எச்சில் ஒழுகுகிறது. பால் கிண்ணத்துக்குப் போய், முகர்ந்து, ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பி வருகிறான். "காலையில இருந்து இப்படித்தான். கூப்பிட்டா பார்க்குறான், வர மாட்டேங்குறான்" என்றார் அப்பா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. எனக்கு முதலில் அவர் குரல்தான் பயமாக இருந்தது, பூனை அப்புறம்தான். காய்கறிப் பையில் பழைய துண்டை விரித்து மூட்டையை உள்ளே வைத்து, ஜிப்பைப் பாதி மூடி, சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற பூனை டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் பனி. எதிரே வருகிறவர்கள் முதலில் நிழலாக வந்து, ஆளாகி, மறுபடி நிழலாகிப் போனார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் அவசரம் கிடையாது. மூட்டையின் வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தாள். நாக்குக்கு அடியில், அண்ணத்தில், கடைவாயில், எங்கேயும் ஒன்றும் இல்லை. "வாயில இல்ல, கீழ எங்கேயோ போயிருக்கு. என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டாள். அப்பா, எலும்பு என்றார். "பச்சையா, சமைச்சதா?" என்று கேட்டாள். வறுத்தது என்று நான் சொன்னேன். அவள் திட்டவில்லை. சமைத்த எலும்பு காய்ந்து போய்விடுமாம், கடித்தால் பொடியாகாமல் சிராய் சிராயாக நீளமாக உடையுமாம், இரண்டு பக்கமும் கூர்மையாக. பச்சை எலும்பு கொஞ்சம் மிருதுவாக இருக்கும், ஆனால் அதிலும் பல் உடைந்து வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறாளாம், கிருமி வேறு. "குடுக்கலாம்னு சில பேர் சொல்றாங்க, நான் சொல்ல மாட்டேன். என் பூனைக்கு நான் குடுக்கறதில்ல" என்றாள். எலும்பு வயிற்றுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். உணவுக்குழாயில் மாட்டியிருந்தால் ஓட்டை போட்டுவிடும், சீக்கிரம் எடுத்தாக வேண்டும். எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் அவளிடம் அந்த மெஷின் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய மிருக ஆஸ்பத்திரியில் இருக்கிறது, பனியினால் பாலத்தை மூடிவிட்டார்கள், காலையில்தான் திறப்பார்கள். தெரியாமல் காலை வரை காத்திருப்பதா, வயிற்றில்தான் இருக்கும் என்று நம்பிக் கஞ்சி ஊட்டுவதா, ஊட்டினால் மாட்டியது இன்னும் ஆழமாக இறங்குமா என்று அவள் யோசித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்க எக்ஸ்ரேலதானே இருக்கீங்க? என் கை உடைஞ்சப்போ நீங்கதான் எடுத்தீங்க" என்றாள்.

எங்கள் கிளினிக் பெரிய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் பேனாவால் மேஜையைத் தட்டுகிற சத்தம் போனில் கேட்டது. அப்புறம், "கடைசி பேஷன்ட் போகட்டும். மேஜையைக் கழுவித் துடைச்சிடுங்க. நான் கேக்கல, நீங்க சொல்லல" என்றார். சாயங்கால வெளிச்சம் பனிக்குள் சாம்பலாக மாறுகிற நேரம் டாக்டரம்மா, அப்பா, பைக்குள் மூட்டை எல்லாரும் எங்கள் கிளினிக் பின்வாசல் வழியாக வந்தார்கள். ஒன்று தெரியுமா, இத்தனை வருஷம் அப்பா எத்தனையோ காலையில் தன் பஸ்ஸிலேயே என்னை அந்த வாசலில் இறக்கி விட்டிருக்கிறார், உள்ளே ஒரு தடவைகூட வந்ததில்லை. அவருக்கு எந்த நோவும் வராது என்பது அவருடைய கட்சி. எக்ஸ்ரே ரூமுக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த ரூம் அப்படித்தான் இருக்கும், ஜன்னல் கிடையாது, பாதி இருட்டு, குளிர், மெஷின் தனக்குத்தானே மெல்ல முனகிக்கொண்டிருக்கும். எனக்கு அது பழகிப்போன இடம், சில நாள் கனவில்கூட அங்கேதான் இருப்பேன். "செருப்ப வெளிய விடணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏனோ எனக்குப் புதிதாகக் கல்யாணமான மாதிரி கூச்சமாக இருந்தது.

டாக்டரம்மா லேசாக மயக்க ஊசி போட்டாள். பலவீனமாக இருக்கிறான், அதிகம் போட முடியாது என்றாள். அதனால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். யார் தொட்டாலும் தலையைத் தூக்குகிறான், அப்பா தொட்டால் மட்டும் சும்மா கிடக்கிறான். சரி என்று அப்பாவுக்கு ஈயம் வைத்த கனத்த மேலங்கியை மாட்டி, பின்னால் வாரைப் பூட்டி, ஈயக் கையுறையும் போட்டுவிட்டேன். பெரிய கையுறை, அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கிறவர் மாதிரி இருந்தார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் மெஷினைச் சரிசெய்து, பழக்க தோஷத்தில், "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். மூட்டை தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் திரையில் வந்துவிட்டது, பார்த்துக்கொண்டே நின்ற நான் விடுங்கள் என்று சொல்ல மறந்துபோனேன். கடைசியில் டாக்டரம்மாதான், "சார், நீங்க மூச்சு விடலாம்" என்றாள்.

அந்தப் படத்தை உனக்கு எப்படிச் சொல்வது. இவ்வளவு காலமாக மனிதர்களின் எலும்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருடைய தோள்பட்டையைக்கூட உள்ளே எப்படி இருக்கும் என்று யோசிக்கிற அளவுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஆனால் பூனையை அப்போதுதான் பார்க்கிறேன். கறுப்புத் தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக ஒரு செடி மிதக்கிற மாதிரி இருந்தான் மூட்டை. சீப்புப் பல் மாதிரி விலா, வாலில் மணி கோத்த மாதிரி சின்னச் சின்ன எலும்பு, அது குறைந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிறது. இவ்வளவு குண்டாகத் தெரிகிறவனுக்குள் இவ்வளவு மெல்லியவன் ஒருவன் படுத்திருக்கிறான். அவனுக்கு நெஞ்சுக்கு நடுவில், இதயத்தின் நிழலுக்குப் பின்னால், அவனுடையது அல்லாத ஓர் எலும்பு, தீக்குச்சி நீளம், குறுக்காக. "குழாய்லதான் இருக்கு" என்று டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள். அப்போதுதான் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். மூட்டையின் பின்னங்காலைச் சுற்றி ஒரு கை. மனிதக் கை. கையுறைக்குப் பூனை மிரண்டது என்று, நான் தடுப்புக்குப் பின்னால் திரும்பிய நேரம் அப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டார். விரலில் மோதிரம் மட்டும் பளீரென்று தெரிந்தது.

கையுறையைக் கழற்றியதற்குத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த விரல்களின் மூட்டுகளைப் பார்த்துவிட்டேன். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு இருக்க வேண்டும், அந்த இடைவெளிதான் விரல் மடங்குவதற்கு. அவருக்கு அது பல இடத்தில் இல்லவே இல்லை, எலும்பு எலும்பு மேல் உட்கார்ந்திருக்கிறது, ஓரங்கள் முண்டு முண்டாகத் தடித்திருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் இந்தக் கையோடு வந்திருந்தால், எப்படிங்க இவ்வளவு நாள் தாங்கினீங்க என்று கேட்டிருப்பேன். அப்பா என் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தார். "அது மூட்டையோட காலா?" என்று கேட்டார். இல்லை, உங்க கை என்றேன்.  "இவ்வளவு கோணலாவா இருக்கு" என்றார், வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி. எத்தனை காலமாக வலிக்கிறது என்று கேட்டேன். "அத விடு, அவனப் பாரு" என்றார். டாக்டரம்மா ஏற்கெனவே மடித்த துண்டை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

காலை வரை மூட்டை தன்னிடமே இருக்கட்டும், வாய் வழியாக எதுவும் கூடாது, நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றலாம் என்று அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் இருவரும் காலிப் பையோடு வீட்டுக்கு நடந்தோம். தெருவிளக்கு ஒவ்வொன்றும் பனிக்குள் பஞ்சுப் பொதி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா பையைக் கையில் பிடிக்கவில்லை, முழங்கை மடிப்பில் மாட்டியிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் மாட்டுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனியில் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை, அதனால்தானோ என்னவோ பேசினார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க முடியாமல் போனபோதுதான் வேலையை விட்டாராம், அலுத்ததனால் இல்லை. "பின்னாடி அத்தன பேர் நம்பி உக்காந்திருக்காங்க, என் கைய எனக்கே நம்ப முடியல" என்றார். சட்டைக்கெல்லாம் கீழ்வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்து அழுத்தினால் மாட்டிக்கொள்கிற டிச் பட்டன் வைத்துக்கொண்டாரே, இந்த வயதில் என்ன ஸ்டைல் என்று நானும் உன் அக்காவும் சிரித்தோமே, அது ஸ்டைல் இல்லை. கோழித் துண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்க்க வராது, நழுவும், நான் பார்த்தால் கேட்பேன், அதனால் கீழே தள்ளிவிட்டாராம். "என் கைய மறைக்கப் போயி, அத அவன் தொண்டையில கொண்டு போய்ச் சொருகிட்டேன்" என்றார். நின்றுவிட்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், விரலைப் பிடிக்கப் பயமாக இருந்தது.

அப்புறம் நீ எழுதுவதைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் அதையும் சொல்லியிருக்க மாட்டார். நீ அனுப்புகிற ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிக்கிறாராம். உன் ஆபீஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, மேலதிகாரி இருமுவது, பூனை முதல் நாள் அலமாரிக்கு மேல் ஏறி இறங்க மறுத்தது எல்லாம் அவருக்குத் தெரிகிறது, எனக்குத்தான் பாதி தெரியவில்லை. பதில் போட உட்கார்ந்தால் போனில் அந்தக் குட்டி எழுத்தில் விரல் விழாதாம், ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது வருமாம். "அவன் அவ்வளவு எழுதுறான். நான் கால் மணி நேரம் தடவி ஒரு 'சரி' போட்டா, அதப் பார்த்து அப்பா கோபமா இருக்கார்னு நெனப்பான். அதான் அதையும் போடல" என்றார். கேட்டாயா? உனக்குக் கோபம் மாதிரி தெரியக்கூடாது என்று யோசித்து யோசித்தே உனக்குக் கோபம் மாதிரி ஆக்கிவிட்டார். சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். "சொன்னா ஓடி வந்துடுவான். இப்பதான் அங்க கால் ஊனியிருக்கான்" என்றார்.  பேக்கரி வாசனை வந்தது, அதை வைத்துத்தான் வாசலைக் கண்டுபிடித்தோம்.

காலையில் பாலம் திறந்ததும் முதல் பஸ்ஸில் போனோம். டாக்டரம்மா மடியில் மூட்டை, முன் சீட்டில் அப்பா. ஓட்டியவர் அப்பாவிடம் வேலை பழகியவர், பையில் யார் என்று கேட்டார், பூனை என்றதும் ஒன்றும் கேட்காமல் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினார். பாலத்தில் கீழே ஆறு தெரியவில்லை, மேகத்தின் மேல் போகிற மாதிரி இருந்தது, எனக்கு அதுவே கனவோ என்று பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து, முனையில் கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக இறக்கினார்கள். வெளியே பெஞ்சில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன், மூட்டை மூட்டை என்று உதடு மட்டும் அசைந்தது. டாக்டர் வெளியே வந்து, "வந்துடுச்சு. நல்ல வேளை, குத்தி நின்னுதே தவிர ஓட்டை போடல" என்று ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். உள்ளே அந்தச் சிராய். அப்பா டப்பாவை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வீட்டுக்கு வேணாம்" என்று அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். மூட்டை கொஞ்ச நாள் கூழ் மாதிரி சாப்பாடு சாப்பிட்டான், தொண்டைப் புண் ஆறிவிட்டது, இப்போது பழையபடி குண்டு.

அதனால் உன் பூனைக்கு எலும்பு வேண்டாம். வறுத்தது, அவித்தது, சுட்டது எதுவுமே வேண்டாம், மீன் முள்ளும் வேண்டாம். பச்சை எலும்பு பரவாயில்லை என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. சதையை மட்டும் பிய்த்துக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போடு. எலும்பு சூப்பு கொடுக்கலாமே என்று உனக்குத் தோன்றும், வெங்காயம் பூண்டு போட்ட சூப்பு பூனைக்கு விஷமாம், டாக்டரம்மா சொன்னாள். பல் சுத்தமாக வேண்டுமானால் பூனைக்கென்று பிரஷ் விற்கிறார்களாம். நீயே சின்ன வயதில் பல் தேய்க்க வீட்டைச் சுற்றி ஓடியவன், நீ போய் ஒரு பூனைக்குப் பல் தேய்க்கிறாய் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. எலும்பு தின்றுவிட்டு எச்சில் ஒழுகினாலோ, சாப்பிடாமல் ஒதுங்கி உட்கார்ந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. நீயாக எதையும் வாய்க்குள் விட்டு இழுக்காதே.

அப்பாவின் கையை எங்கள் எலும்பு டாக்டர் பார்த்தார், இந்தத் தடவை ஒழுங்காக நான்கு கோணத்தில் படம் எடுத்தேன், மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பழையபடி ஆகாது, வலி குறையும், இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாத்திரை இருக்கிறது. தினம் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுக்க வேண்டும். மெழுகு ஆறி வெள்ளையாக உறைந்து கையுறை மாதிரி ஆகிவிடும், அப்பா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார், அப்புறம் நான் அதை மெல்ல உரித்து எடுப்பேன். உரிக்கும்போது அவர் கண் பாதி மூடியிருக்கும். ஜன்னலில் பனி, அறையில் மெழுகு வாசனை, இருவரும் பேசுவதில்லை, ஆனால் அது முன்பிருந்த பேசாமை இல்லை. சமையலறையில் அவருடைய துண்டை நான் பிய்த்துப் போடுகிறேன், முதல் நாள் முறைத்தார், இப்போது இன்னும் சின்னதாகப் பிய் என்று அதிகாரம் செய்கிறார். போனில் பேசியே அனுப்பலாம் என்று தையல்காரி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பால்கனியில் நின்று ஒத்திகை பார்க்கிறார். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, உனக்கு அனுப்புகிற முதல் பேச்சு டிப்போ முழுவதும் கேட்டுவிட்டுத்தான் உன்னிடம் வரும். திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. கையைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் வேண்டாம் என்றார். படத்தில் வந்ததுதானே, இனி எதை மறைப்பது என்றேன். நீ அரக்கப் பரக்க டிக்கெட் போடாதே, அதற்குத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்றார். எவ்வளவு எழுதியிருக்கிறேன் என்று பார்த்துவிட்டு, நாவலா என்றார். நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா, எழுதுகிறேன் என்றேன். ஜன்னல் பக்கம் போய், பனியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார், ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். "பனி விட்டதும் நாங்க ரெண்டு பேரும் அங்க வர்றோம்னு எழுது" என்றார். எனக்குப் பேனா நின்றுவிட்டது. நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய், அவ்வளவு தூரம் யார் உட்காருவது என்பாரே, அதே மனிதர். எதற்கு வருகிறோம் என்று எழுத என்று கேட்டேன். "அந்தப் பூனையப் பார்க்கத்தான்" என்றார். பூனையை மட்டுமா என்றேன். ஜன்னல் கண்ணாடியை முழங்கையால் துடைத்தார். "அவன் வீட்டுல இருந்தா அவனையும்" என்றார்.

நீ நோய் நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடு, நாலு நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க நீண்ட காலம் நன்றாக இரு. உன் கூட்டாளியின் தலையை எனக்காக ஒரு தடவை தடவிக்கொடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நாங்கள் வரும் நாளில் லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு.

உன்னை முதன்முதலில் தூக்கியபோதே விரல்களை எண்ணிப் பார்த்த,
உன் அம்மா